சண்டை போடத் தெரியாதவர்கள்

எங்கள் கல்யாணத்தை அறுத்துவிட ஊர்க்கூட்டம் முதல் தடவை மாட்டேன் என்று சொல்லிவிட்டது. எங்களுக்குள் சண்டை இல்லையாம், அதுதான் காரணம். இதைச் சொன்னால் இப்போதும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு நானே சிரித்தவள்தான். சிரித்து முடித்த பிறகு அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி பிரிவதற்குக் கோர்ட்டுப் படி ஏறுகிற வழக்கம் அப்போது கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் கோயில் முன்னால் வேப்பமரத்தடியில் உட்காருவார்கள். யார் மேல் குற்றம் என்று விசாரிப்பார்கள். குடித்தான், அடித்தான், இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டான், அவள் அடங்கவில்லை என்று ஏதாவது ஒன்று நிரூபணமாக வேண்டும். ஆனபின் புருஷன்காரன் ஒரு துரும்பை எடுத்து எல்லோருக்கும் முன்னால் கிள்ளி அவள் கையில் போடுவான். தீர்ந்தது. அதன் பிறகு இரண்டு பேரும் வேறு கல்யாணம் செய்துகொள்ளலாம், யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது. குற்றமே இல்லை என்று போய் நின்ற ஜோடி அந்த வட்டாரத்தில் நாங்கள் மட்டும்தானாம்.

என் வீட்டுக்காரர் மாட்டுத் தரகர். மணப்பாறைச் சந்தையில் அவர் முடித்துக் கொடுத்த மாடு என்றால் பல்லைக்கூடப் பிடித்துப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போவார்கள். சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஊர். ஐம்பதுகளின் ஆரம்பத்தில், எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் அம்மாவோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்த என்னை அவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். புகுந்த வீடு நிறைய ஜனம். பகலில் புருஷனோடு நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டால் போச்சு, மறுநாள் கிணற்றடியில் அதுதான் பேச்சு. எனக்கோ வாய் சும்மா இருக்காது. முதல் மாதம் மூச்சு முட்டிப் போனேன்.

சந்தையில் மாட்டின் விலையை வாயால் பேசமாட்டார்கள். தரகரும் வாங்க வந்தவரும் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே எந்த விரலைப் பிடிக்கிறார் என்பதில் இருக்கிறது விலை. சம்மதம் என்றால் ஓர் அழுத்து. சம்மதம் இல்லை என்றால் கையை உருவிக்கொள்வது. சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

அந்த வித்தையை அவர் எனக்காக வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாயங்காலம் எல்லோருமாக முற்றத்தில் உட்கார்ந்து கடலை உரிப்போம். வியர்க்கிறது என்று தோள் துண்டை எடுத்து எனக்கும் அவருக்கும் நடுவில் போடுவார். அதன் அடியில் அவர் கை மெதுவாக வரும். நாங்களே சில அர்த்தங்கள் வைத்துக்கொண்டோம். இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தால் 'தொழுவத்துக்கு வா'. ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்தால் 'சாப்பிட்டாயா?'

இது என்ன பெரிய கேள்வி என்று நினைக்கலாம். மருமகள்கள் கடைசியில்தான் சாப்பிடுவோம். சட்டியை வழித்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. நான் கையை உருவிக்கொண்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வரேன்" என்று எழுந்து போவார். பின்னாலேயே நானும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு போவேன். வைக்கோல் போருக்குப் பின்னால் தாளில் சுற்றிய முறுக்கோ இரண்டு வாழைப்பழமோ இருக்கும். நான் தின்று முடிக்கிறவரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். ஒரு தடவை அப்படி நின்றதில் வெளியூர்ச் சந்தைக்குப் போகிற வண்டியையே தவறவிட்டார். "வண்டி நாளைக்கும் வரும், நீ மெல்லு" என்றார்.

குழந்தை தங்கவில்லை. ஊர் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ஒருநாள் அவராகவே கேட்டார், "ட்ரெயினிங் படிக்கிறியா? எனக்கு நாலு ஊரு சந்தை இருக்கு. உனக்குப் போக வர ஒரு எடமுமே இல்லையே." வாத்தியார் ட்ரெயினிங்குக்கு அப்போது எட்டாவது போதும். அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருச்சியில் ஹாஸ்டல் வாசல்வரை வந்து விட்டுவிட்டுப் போனார். படித்து முடித்ததும் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்தது. திருவானைக்காவலில் ஒரு வீட்டின் பின்கட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. அதை எதற்கு மறைக்க வேண்டும்? 'டீச்சர், டீச்சர்' என்று அந்தப் பிள்ளைகள் புடவையைப் பிடித்து இழுக்கும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவரும் வந்து இருந்து பார்த்தார். ஒரு மழைக்காலம் முழுக்க இருந்தார். திருச்சியில் ஒரு மண்டியில் கணக்குப் பார்க்கும் வேலை. காலையில் சட்டை போட்டுக்கொண்டு போவார், சாயங்காலம் வந்து சுவரைப் பார்த்து உட்காருவார். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்து வீதியில் போகிற மாட்டு வண்டியையெல்லாம் நிறுத்தி மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்ப்பார். ஒரு வண்டிக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "யோவ், வண்டியில ஏறப்போறியா, இல்ல மாட்டுக்குப் பல்லு வெளக்கிவிடப் போறியா?" என்று கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் கண் அந்த மாட்டின் மேலேயே இருந்தது. தை பிறந்ததும் ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினார். திரும்பித் தங்க வரவில்லை.

பிறகு சனிக்கிழமைதோறும் வந்தார். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு பண்டிகைக்கு. அவர் கோமாரி நோயைப் பற்றிச் சொல்வார், நான் இன்ஸ்பெக்ஷன் வந்த கதையைச் சொல்வேன். முதலில் ஒருவர் சொல்வதை ஒருவர் ஆசையாகக் கேட்டோம். அப்புறம் ஒருவர் முடிக்கட்டும் என்று ஒருவர் காத்திருந்தோம். கடைசியில் இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று. யார் மேலும் யாருக்கும் கோபமில்லை. அந்தப் பாழாய்ப்போன கோபமாவது வந்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

அறுபதுகள் தொடங்கிவிட்டன. ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், வெயிலில் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "குடிக்கத் தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டார். பானையை நான் ஜன்னல் பக்கம் மாற்றி வைத்து வெகுநாள் ஆகியிருந்தது. அவருக்குத் தெரியவில்லை. மொண்டு கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார், விருந்துக்கு வந்தவர் மாதிரி. கட்டின பெண்டாட்டி அறையில் தண்ணீர்ப் பானை எங்கே என்று கேட்கிற புருஷன்!

"நாம தீத்துக்கலாமாங்க?" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

அவர் கவிழ்த்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் நெனச்சேன். சொல்ல வாய் வரல."

"என் மேல கோவமா?"

"உன் மேல எனக்கு என்னைக்குக் கோவம் வந்துச்சு?" என்றார். "ஆத்தா வேற, கண்ணு மூடறதுக்குள்ள வீட்டுக்கு ஒரு மனுஷி வரணும்னு தெனமும் அழுவுது. உன்னை அப்படியே கட்டிப் போட்டுட்டு இன்னொருத்திய கொண்டாற எனக்கு மனசில்ல. முறையா தீத்துட்டா உனக்கும் ஒரு வழி பொறக்கும்."

இப்படித்தான் நாங்கள் ஊர்க்கூட்டத்தில் போய் நின்றோம். தலைமை அவருடைய பெரியப்பா. என்னை முன்னால் நிற்கவைத்து அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அடிச்சானா?"

"இல்லீங்க."

"குடிக்கிறானா?"

"ஐயோ, இல்லீங்க."

"வேற எவளாச்சும்?"

"அதெல்லாம் ஒன்னுமில்லீங்க."

பெரியப்பா என் புருஷன் பக்கம் திரும்பினார். "இவ மேல என்னடா?"

"தங்கமான பொண்ணு பெரியப்பா."

"அப்புறம் என்ன எழவுக்குடா ரெண்டு பேரும் இங்க வந்து நிக்கிறீங்க?" என்று கத்தினார் பெரியவர். கூட்டம் கொல்லென்று சிரித்தது. "குத்தம் இல்லாம துரும்பு கிள்ளுனா நாளைக்கு ஊருல இருக்கிற அத்தன பேரும் வந்து நிப்பான். அடுத்த சந்தை கழிச்சு வாங்க. குத்தத்தோட வாங்க. இல்லன்னா ஒழுங்கா போய்க் குடும்பம் நடத்துங்க."

குற்றத்துக்கு எங்கே போவது? அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்ரீரங்கம் வந்தார். அம்மா மண்டபத்துப் படித்துறையில் உட்கார்ந்து நாங்கள் சண்டை போட ஒத்திகை பார்த்தோம். காவிரியில் தண்ணீர் கம்மி. கீழ்ப்படியில் சிலர் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க என்னை அடிக்கிறீங்கன்னு சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லு."

"எதால அடிச்சான்னு கேப்பாங்களே?"

"சாட்டைக்குச்சியாலன்னு சொல்லு."

"நல்லா நம்புவாங்க! மாட்டையே அடிக்காத ஆளு நீங்க."

அவர் யோசித்தார். "சரி, அப்ப நீ மதிக்கல, சோறாக்கிப் போடலன்னு நான் சொல்றேன்."

"கோவமா சொல்லுங்க பாப்போம்."

நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை உருட்டினார். "ஏண்டி..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். "வரல. உன்னைய டி போட்டுக் கூப்பிட்டதே இல்லையே."

எனக்கு எரிச்சலாக வந்தது. இது கூடவா தெரியாது? "இப்படிக் கத்தணும்" என்று எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டேன். "நீயெல்லாம் ஒரு ஆம்பளையா? கட்டினவ இருக்காளா செத்தாளான்னு பாத்தியா?" படித்துறை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினேன். குளித்துவிட்டு ஈரப் புடவையோடு சொம்பும் கையுமாக ஏறி வந்த ஒரு மாமி பதறிப்போய் நின்றார். "ஏண்டியம்மா, காவேரிக் கரையிலே நின்னுண்டு ஆம்படையானை இப்படிப் பேசலாமா? ரெண்டு பேருமா உள்ளே போய்ப் பெருமாளைச் சேவிச்சுட்டு ஆத்துக்குப் போங்கோ. எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். சரிங்க மாமி என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். மாமி தலை மறைந்ததும் எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தோம். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எத்தனை வருஷமாகியிருந்தது!

சிரிப்பு அடங்கியதும் அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நெசமாவே ஒரு குத்தம் இருக்கு. என் குத்தம்தான். வேலைய விட்டுட்டு வந்துருன்னு ஒருநாளும் உன்னைய நான் கூப்புடல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒத்திகை இல்லை, நிஜமான கோபம். "ஏன் கூப்புடல? ஏங்க கூப்புடல?"

"கூப்ட்டா வந்துருப்ப."

அது உண்மை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாக்பீஸைப் போட்டுவிட்டு வந்திருப்பேன்.

"வந்து அந்த அடுப்படியில உக்காந்து வாடிப் போவ. அத நான் பாக்கணுமா?" என்றார். "நீயும்தான் இங்கயே இருங்கன்னு என்னைய ஒரு வார்த்த கேக்கல."

"நீங்க அந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தத நான் பார்த்தேன். எப்படிக் கேப்பேன்?"

"ம்" என்றார். "அவ்வளவுதான் விஷயம்."

அந்தப் படியிலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். ஊர் பார்க்கிறதே என்ற வெட்கம்கூட இல்லை. இவரைவிட எனக்கு யார் இருக்கிறார்கள்? இவரோடு இருக்கவும் முடியவில்லை. இப்படியும் ஒரு தலையெழுத்தா என்று நெஞ்சு வெடித்தது. அவர் என் தோளைத் தொடவில்லை. நடுப்பகலில் நாலு பேர் முன்னால் தொடமாட்டார். துண்டை மட்டும் என் பக்கம் தள்ளி வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். "அடிச்சான்னே சொல்லிரு. ஊருல நான் பாத்துக்கறேன்" என்றார் கடைசியில். சரி என்றேன்.

கூட்டத்தில் மறுபடியும் நின்றேன். பெரியவர், "குத்தம் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார். அடித்தார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் தலையைக் குனிந்து அந்தப் பழியை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார். என்னை ஒரு நாள்கூடப் பட்டினி போடாத மனுஷனை அடித்தவன் என்று சொன்னால் இந்த நாக்கு அழுகிப் போகாதா?

"அவரு என் மேல கை ஓங்கினது இல்லீங்க. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கூப்புடாமயே இருந்துட்டோம். இப்ப கூப்புட்டாலும் போக முடியல. வேற குத்தம் எங்ககிட்ட இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் வெற்றிலைப் பையை எடுத்தார், பிரிக்காமல் கீழே வைத்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து என் மாமியார் எழுந்து வந்தார். அவர்தான் இந்தப் பிரிவைத் தினமும் கேட்டு அழுதவர். என் பக்கத்தில் வந்து நின்றார். "போதும் மச்சான்" என்றார் பெரியவரிடம். "புள்ளைங்கள நிக்க வச்சு வேடிக்க பாக்காதீங்க. அறுத்து விடுங்க." என் கழுத்திலிருந்து தாலியை அவரேதான் கழற்றினார். கழற்றும்போது, "எஞ்சாமி, எஞ்சாமி" என்று முனகிக்கொண்டே இருந்தார்.

"துரும்பு எடுடா" என்றார் பெரியவர்.

பக்கத்துக் களத்தில் வைக்கோல் போர் இருந்தது. முந்தின நாள் மழை. அவர் போய் ஒரு வைக்கோலை உருவிக்கொண்டு வந்தார். எல்லோர் முன்னிலையிலும் இரண்டு கையாலும் பிடித்து முறித்தார். முறியவில்லை. மடங்கியது. திருகினார். நார் நாராகப் பிரிந்ததே தவிர அறவில்லை. ஈர வைக்கோல் எப்படி அறும்? யாரோ, "காஞ்சதா எடுப்பா" என்றார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து வைக்கோலோடு கிடந்தவர் அவர். தொடாமலே ஈரமா காய்ந்ததா என்று சொல்லிவிடுவார். தெரிந்துதான் எடுத்திருக்கிறார். அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. அவர் திரும்பப் போனார், போரின் அடியிலிருந்து காய்ந்ததாக ஒன்றை எடுத்து வந்தார். அது படக்கென்று முறிந்தது. என் உள்ளங்கையில் வைத்தார். கனமே இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஊரறிந்த கதை. இனிச் சொல்வது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வீட்டில் மிச்சமிருந்த என் சாமான்களைப் போட்ட தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மணப்பாறை பஸ் நிறுத்தம்வரை அவரே வந்தார். அன்றைக்குச் சந்தை நாள். ரோடு முழுக்க மாடும் தூசியும். பெட்டியை இறக்கி நடுவில் வைத்தார். அதற்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், அறிமுகமில்லாதவர்கள் மாதிரி. நான் பெட்டி மேல் கை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றேன். தெரிந்தவர்கள் அவரிடம், "என்ன தரகரே, இன்னைக்கு ஒன்னும் படியலியா?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். அவர் இல்லை என்று தலையாட்டினார்.

வளைவில் திருச்சி பஸ் தெரிந்தது. அவர் தோள் துண்டை எடுத்து, தூசி படாமல் மூடுவதுபோலப் பெட்டி மேல் போட்டார். என் கையும் அதற்கு அடியில் போயிற்று. அவர் கை வந்தது. அத்தனை வருஷத்துக்குப் பிறகும் தடவித் தேடவில்லை. நேராக வந்து என் ஆள்காட்டி விரலைப் பிடித்தது.

நான் ரோட்டைத்தான் பார்த்தேன். அவரும் ரோட்டைத்தான் பார்த்தார். அந்த விரலை அவர் விடவேயில்லை. நான் கையை உருவிக்கொண்டால் போதும். அவர் அந்த பஸ்ஸை அனுப்பிவிடுவார். என்னை எங்காவது உட்கார வைத்து இலை போட்டு, நான் சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்தில் நிற்பார். அப்புறம் நான் ஸ்ரீரங்கம் திரும்பியிருக்கமாட்டேன். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சாப்பிட்டேன் என்று அழுத்தினேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "டீச்சரம்மா திருவானைக்காவல் போறாங்க. பெட்டிய பாத்து எறக்கி விடுங்க" என்று கண்டக்டரிடம் சொன்னார். பஸ் கிளம்பியது. அன்றைக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட என் பல்லில் படவில்லை.